வேட்டியில் வடிகட்டிய எண்ணெய்

என் நாத்தனாரின் கல்யாணத்தை எங்கள் வீட்டு பேஸ்மென்டிலேயே நடத்துவது என்று முடிவானதும், என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தரையை அளந்தார். எத்தனை பேர் சம்மணம் போட்டு உட்காரலாம், மணவறை எங்கே, ஹோமம் எங்கே, பந்தி எங்கே என்று சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார். நான் படியில் நின்றபடி அந்தக் கோடுகளைப் பார்த்தேன். ஹோமத்துக்கென்று அவர் போட்டிருந்த சதுரத்துக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் நிரம்பிய எங்கள் டேங்க் நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, எண்ணெய் டேங்க் பக்கத்துலயா நெருப்பு வளர்க்கப் போறீங்க?" என்றேன்.

"ஏன், இடம் பத்தாதா?" என்றார் அவர்.

பாலம் கட்டுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்கிற மனிதர்! நான் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மான்ட்ரியாலில் அப்போது நமக்கென்று ஒரு கோயில் கிடையாது. தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் வீட்டில் கறிவேப்பிலை வந்து இறங்கியது என்பதுகூடச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு இரண்டு மாடி வீடு வாங்கியிருந்தோம். கீழ்த்தளத்தில் நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு கிரேக்கக் குடும்பம். கல்யாணத்துக்காக மாதா கோயில் ஹால் ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம். சமைக்கலாம், ஆடலாம், பாடலாம், நெருப்பு மட்டும் மூட்டக் கூடாது என்றார்கள். வேறு ஹால்களிலும் இதே பதில்தான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு நெருப்பு இல்லாமல் ஆகாது.

காரணம் என் மாமனார். அவர் திருநெல்வேலியில் இருந்தார். இருதயம் பலவீனமாக இருந்ததால் விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே படிக்க வந்த மகள் இங்கேயே வேலை பார்க்கும் தமிழ் டாக்டரைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும், மறுப்பே சொல்லாமல் சம்மதித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அக்னி வளர்த்து, அதைச் சுத்தி வரணும். அது சாட்சியா இருந்தா நானே அங்க இருந்த மாதிரி" என்றாராம். தாயில்லாப் பெண் அவள். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டில் பதிவு செய்துகொள்ளலாமே என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்னதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

"அக்னி இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாம், அண்ணி" என்றாள் என்னிடம். பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தங்கை. நான் அவள் பக்கம்தான்.

இந்த ஊரில் வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ்மென்டில் ஒரு ஃபர்னஸ் இருக்கும். அது எண்ணெயை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறை அறையாக இருக்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். அந்த எண்ணெய் இருக்கிற டேங்க் ஆள் உயரத்துக்கு நிற்கும். லாரிக்காரர் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் எண்ணெயை விடுவார். பக்கத்தில் இன்னொரு குழாய் வழியாக உள்ளே இருக்கிற காற்று விசிலடித்துக்கொண்டே வெளியேறும். விசில் நின்றால் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். ஊரில் மண்ணெண்ணெய்க்கு டின்னோடு வரிசையில் நின்ற எனக்கு, ஒரு டேங்க் நிறைய எண்ணெயைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவதற்கே முதல் வருஷம் பயமாக இருந்தது.

எங்கள் டேங்க்கோ பழசு. கல்யாணத்துக்குத் தையில் நாள் குறித்திருந்தோம். நவராத்திரி சமயத்தில் கொலு பொம்மைப் பெட்டியை எடுக்கக் கீழே போனவள், குப்பென்று எண்ணெய் வாடை அடிக்க அப்படியே நின்றேன். குனிந்து பார்த்தால் டேங்க்கின் அடிவயிறு முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். எண்ணெய்தான்.

என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ப்பூ, இவ்வளவுதானா!" என்றவர் நேரே குளியலறைக்குப் போய் சலவை சோப்புக் கட்டியை எடுத்துவந்து கசிவின் மேல் தேய் தேய் என்று தேய்த்தார். "ஊர்ல பெட்ரோல் டேங்க் ஒழுகினா டிரைவர் என்ன பண்ணுவார்? சோப்பை அப்பிட்டு மதுரை வரைக்கும் ஓட்டுவார்!"

"நாம எங்க மதுரைக்கா போறோம்? இதுக்கு மேல படுத்துத் தூங்கப் போறோம்" என்றேன்.

மறுநாள் கசிவு நின்றிருந்தது. அவருக்கு ஒரே பெருமை. அதற்கு அடுத்த நாள் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து நுரையாக இறங்கியது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மேலே இருந்த கிரேக்கப் பெண்மணி என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டாள். உள்ளிருந்தே துருப்பிடித்துக் கசிகிற இரும்புக்கு வைத்தியமே கிடையாது, வேறு டேங்க் வாங்குவது ஒன்றே வழி என்று நான் கறாராகச் சொன்னேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிந்தது இவருக்குப் புரியாதா! புரிந்தது. புரிந்ததும் அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

"புது டேங்க்கை வெளிய, கொல்லைப் பக்கம் வச்சுட்டா? பேஸ்மென்ட் முழுக்கக் கல்யாணத்துக்குக் கிடைக்கும். ஹோமத்துக்குப் பக்கத்துல ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது" என்றார். அந்த நிமிஷமே அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

செயின்ட்-மிஷேலில் ஒரு டேங்க் கடைக்கு நான், அவர், என் நாத்தனார் மூன்று பேரும் போனோம். வெட்டவெளியில் வரிசையாக டேங்க்குகள். என் வீட்டுக்காரர் அளவு பற்றி விற்பனைக்காரரோடு ஆங்கிலத்தில் பேச, அவர் பிரெஞ்சில் பதில் சொல்ல, இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாத்திரக்கடையில் செய்வதைத்தான் செய்தேன். ஒவ்வொரு டேங்க்கையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தகடு மெல்லிசாக இருந்தால் தகரடப்பா மாதிரி அலறும். கனமாக இருந்தால் அடங்கி ஒலிக்கும். வெல்டிங் தழும்பு மேல் விரலை ஓட்டி எங்காவது பொத்தல் இருக்கிறதா என்று தடவினேன். கால்கள் நான்கும் ஆடாமல் நிற்கிறதா என்று உலுக்கினேன். "இதையும் புளி போட்டுத் தேய்ச்சுப் பார்ப்பீங்களா, அண்ணி?" என்று என் நாத்தனார் சிரித்தாள். விற்பனைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றைத் தட்டினார். "இதுதான், மதாம், இது நல்ல கனம்" என்று நான் தட்டிய டேங்க்கையே காட்டினார். அதையே எடுத்தோம்.

வைக்கிற இடத்துக்கும் நான் விடவில்லை. மண் மேல் வைக்கக் கூடாது. குளிரில் இந்த ஊர் மண் உப்பி எழும், டேங்க் சாய்ந்துவிடும். அதனால் கான்கிரீட் தளம் போட்டோம். கூரையிலிருந்து பனிக்கட்டி விழுகிற இடத்துக்குத் தள்ளி, மேலே ஒரு சின்னப் பலகைக் கூரையும் வைத்தோம். பழைய டேங்க்கை அப்புறப்படுத்துகிறவர்கள் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"அது அங்க இருந்தா என்ன? டேங்க்தான் இல்லைனு நமக்குத் தெரியுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"லாரிக்காரருக்குத் தெரியுமா? குழாயைப் பார்த்தா அவர் பாட்டுக்கு எண்ணெயை விடுவார். அது நேரா நம்ம மணவறையில வந்து கொட்டும்."

அவர் ஒரு கணம் அதை மனக்கண்ணில் பார்த்தார் போலிருக்கிறது. குழாயைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைக்கும் வரை அவரும் என்னோடு நின்றார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஒன்றைத் தவிர. பழைய டேங்க்கின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. எங்கள் ஜாதகமே அப்படி. அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுத்து வைக்கிற வம்சம்! பழைய எண்ணெயை டின்களில் பிடித்து, தன் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து, புது டேங்க்கின் வாயில் கட்டி, அதன் வழியாக மெல்ல மெல்ல ஊற்றினார். காப்பி டிகாஷன் வடிகட்டுகிற பக்தி முகத்தில்.

"அடியில கிடக்கறது எண்ணெய் மட்டும் இல்லை, தண்ணியும் இருக்கும். வேட்டி துருவைப் பிடிக்கும், தண்ணியைப் பிடிக்குமா?" என்றேன்.

"நாலு மடிப்பு! பார், தங்கமா இறங்குது" என்றார்.

சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த வேட்டியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

தை பிறந்தது. முகூர்த்த நாள் காலையில் எழுந்ததும் எனக்கு மூக்கு நுனி ஜில்லென்றிருந்தது. ரேடியேட்டரைத் தொட்டால் கல் மாதிரி கிடந்தது. கீழே ஓடினேன். பேஸ்மென்ட் ஜொலித்தது. காகிதத் தோரணம், கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், செங்கல் அடுக்கி மணல் பரப்பிய ஹோம குண்டம், பக்கத்தில் பத்திரத்துக்கு ஒரு வாளி மணல், என் பட்டுப் புடவையால் மூடிய நாற்காலிகள். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு ஃபர்னஸ் முன்னால் குந்தியிருந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஃபர்னஸ் இருமியது, அணைந்தது. மறுபடி அழுத்தப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எரியாத எண்ணெய் உள்ளே சேர்ந்துகொண்டே போனால் அதுவே ஆபத்து.

விருந்தாளிகள் பனிக்கோட்டுகளோடு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. எங்களுக்கு மந்திரம் சொல்ல வந்தவர் ஒரு வேதியியல் பேராசிரியர்; குடும்பத்தில் கற்ற மந்திரம், ஸ்பஷ்டமாகச் சொல்வார். அவர் ஹோம குண்டத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹோமம் பண்ணா ஜன்னலைத் திறந்தே ஆகணும், இல்லைனா புகையில எல்லாரும் மூச்சு முட்டிப் போவோம். ஃபர்னஸ் இல்லாம இந்தக் குளிர்ல ஜன்னலைத் திறந்தா வீட்டுத் தண்ணிக் குழாயெல்லாம் வெடிச்சிடும். பேசாம ஒரு கற்பூரத்தை ஏத்தி முடிச்சிடலாம். தோஷம் இல்லை" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். என் நாத்தனார் மட்டும் தலையாட்டவில்லை. கூரைப்புடவைக்கு மேல் என்னுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றிச்சுட்டியோடு, உதடு நீலம் பூக்க உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடக்கும்ல, அண்ணி?"

"நடக்கும். நீ எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டு, பட்டுப் புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகி, என் வீட்டுக்காரரின் பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். பின்னாலேயே அவர், அவர் பின்னால் மாப்பிள்ளையின் தோழரான யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர்.

டேங்க்கின் வால்வை மூடினேன். வால்வுக்குக் கீழே எண்ணெயை வடிகட்டும் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அடியில் ஒரு பழைய சட்டியை வைத்து, அதைத் திருகிக் கழற்றினேன். உள்ளே வெல்லக்கட்டி நிறத்தில் ஒரு பனிக்கட்டி உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "இந்தாங்க, நீங்க வடிகட்டின தங்கம்."

"நீ சொன்னதுதான் சரி" என்றார். கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவை!

"அக்கா, இது உருகினாச் சரி தானே? நான் சுடுதண்ணி கொண்டு வாறன்" என்று டாக்டர் உள்ளே ஓடினார். அதற்குள் விருந்தாளி ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஹோமத்துக்கென்று சமையலறையில் மூட்டிய கங்குகளைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கொல்லைப் படியிறங்கி வந்தார். "குழாய்க்கு அடியில கொஞ்சம் காட்டினா டக்குனு இளகிடும்" என்றார்.

"ஐயோ, அதைக் கிட்ட கொண்டு வராதீங்க!" என்று நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்த மனிதர் தாம்பாளத்தோடு அப்படியே திரும்பி நடந்தார். பிற்காலத்தில் எங்கே பார்த்தாலும் "கங்கு இல்லம்மா, வெறும் கையோடதான் வந்திருக்கேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்.

மேல் வீட்டுக் கிரேக்கப் பெண்மணி விஷயத்தைக் கேட்டதும் தன் அடுப்பில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் வைத்துவிட்டாள். அவளும் குழந்தைகளும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்தானே. சுடுதண்ணீர் கைமாறிக் கைமாறி வந்தது. "பிடியுங்கோ அக்கா, நான் ஊத்துறன்" என்றார் டாக்டர். துண்டுகளை நனைத்து வால்வுக்கும் குழாய்க்கும் சுற்றுவோம். ஆறுவதற்குள் கழற்றி வேறு சுற்றுவோம். பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாகப் பனியில் முழங்கால் புதைய நாங்கள் ஒரு டேங்க்குக்கு ஒத்தடம் கொடுப்பதை அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் பார்த்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அப்புறம் அடக்க முடியவில்லை.

வால்வைத் திறந்தேன். சட்டியில் முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பிறகு கலங்கலாக ஏதோ, பிறகு தெளிந்த எண்ணெய். தண்ணீர் முழுக்கப் போகும் வரை சட்டியில் பிடித்து, வால்வை மூடினோம். கிண்ணத்தைத் துடைத்து மாட்டி, வால்வை மறுபடி திறந்து, குழாயைக் காய்ந்த கம்பளித் துணியால் சுற்றினோம். என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். ஃபர்னஸ் இருமியது, யோசித்தது, கர்ர்ரென்று பிடித்துக்கொண்டது. பேஸ்மென்டில் எழுந்த கைதட்டல் கொல்லை வரை கேட்டது. மேலே கிரேக்கக் குழந்தைகள் தரையில் குதித்தார்கள்.

அன்று தொடங்கி, டேங்க் விஷயத்தில் என் வார்த்தைதான் வேதவாக்கு. கோடை வந்தால் உள்ளே காற்று வேர்த்துத் தண்ணீர் சேராதபடி டேங்க்கை நிரப்பியே வைப்போம். இலையுதிர் காலத்தில் அடித்தண்ணீரை வடித்து, கிண்ணத்தின் வடிகட்டியை மாற்றி, தகட்டைத் தட்டித் தடவிப் பார்ப்பது அவர் வேலை. தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சத்தம் சரியா இருக்கா பார்" என்பார். பழைய எண்ணெய் என்ற பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டார்.

அன்று முகூர்த்தத்துக்குள் ஹோமம் தொடங்கியது. ஜன்னல்களை விரியத் திறந்தோம். ஒரு பக்கம் பனிக்காற்று, ஒரு பக்கம் அக்னி, மற்ற பக்கமெல்லாம் கொதிக்கிற ரேடியேட்டர். பேராசிரியர் கணீரென்று மந்திரம் சொன்னார். மேளத்துக்கு ஆள் ஏது? தாம்பாளங்களைக் கரண்டியால் அடித்துக் கெட்டிமேளம் கொட்டினோம். கிரேக்கப் பெண்மணி வாணலியைத் தட்டினாள், எல்லோரையும் விடச் சத்தமாக. தாலி ஏறியது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் நாத்தனார் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு அக்னியைச் சுற்றி வந்தாள். நிமிர்ந்த தலையை அவள் தாழ்த்தவே இல்லை. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சந்தோஷத்தில். புகையெல்லாம் ஒன்றும் இல்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, புக் செய்து வைத்திருந்த டிரங்க் கால் கிடைத்தது. ஊரில் இரவு. என் மாமனார் பக்கத்து வக்கீல் வீட்டில் போன் முன்னால் காத்திருந்திருக்கிறார். என் நாத்தனார் மாலையோடு பேஸ்மென்ட் படி ஏறி ஓடி வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். சொல்ல வேண்டியதை அவள் காலையிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்: அக்னி வளர்த்தோம்ப்பா, நீங்க சொன்ன மாதிரியே சுத்தி வந்தோம்ப்பா. நாங்களும் கேட்க வேண்டும் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து அவர் குரல், அவள் வாய் திறக்கும் முன்பே வந்துவிட்டது.

"அம்மாடி, குளிருதாம்மா?"

என் நாத்தனார் எங்களைப் பார்த்தாள். முகமெல்லாம் புகைக் கரி, நெற்றியில் வழிந்த வேர்வையில் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

"இல்லப்பா. வேர்க்குதுப்பா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

"அப்ப சரி" என்றார் அவர். பிறகு மறுபடியும், "அப்ப சரிம்மா." அதோடு லைன் போய்விட்டது. அக்னியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.